தீவனத்தில் ஈரம் எவ்வளவு? மீட்டர் ஒன்று சொல்கிறது, தராசு வேறு சொல்கிறது

11 அக்டோபர் 2023, செங்குன்றம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது

எட்டு கறவை மாடு. அடர்தீவனம் நானே அரைத்துக் கலக்கிறேன். போன வாரம் மக்காச்சோளம் எடுத்தபோது வியாபாரியின் மீட்டர் 13 காட்டியது. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆன்லைனில் வாங்கிய ஊசி மீட்டரைச் செருகினால் 17. நாலு பாயிண்ட் வித்தியாசம்! என் முடிவு இதுதான்: வியாபாரிகள் எல்லாரும் மீட்டரைத் திருகி வைத்திருக்கிறார்கள். இல்லை என்று யாராவது நிரூபியுங்கள் பார்ப்போம்.

12 அக்டோபர் 2023

திருகினாரா இல்லையா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. உங்கள் மீட்டரைப் பற்றிச் சொல்லலாம். இரண்டு ஊசி வைத்த அந்தக் கருவி மரத்துக்காகச் செய்தது. ஊசிகளுக்கு நடுவே மின்தடை எவ்வளவு என்று பார்த்து, மரத்தில் இவ்வளவு தடை என்றால் இவ்வளவு ஈரம் என்று உள்ளே இருக்கும் கணக்கை வைத்துச் சொல்லும். மக்காச்சோளத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தவிட்டுக்குச் சுத்தமாகப் பொருந்தாது. அழுத்திச் செருகினால் ஒரு எண், லேசாகச் செருகினால் இன்னொரு எண்.

இன்னொன்று. மரவாடிக்காரர்கள் ஈரத்தைக் கணக்கிடும் முறையே வேறு. 100 கிராம் சோளத்தை (மக்காச்சோளத்தைத்தான் இங்கே சோளம் என்கிறேன்) காயவைத்து 85 கிராம் ஆனால் நாம் ஈரம் 15 என்போம், மொத்த எடையில் தண்ணீரின் பங்கு அது. அவர்கள் போன தண்ணீரைக் காய்ந்த எடையால் வகுப்பார்கள்: 15ஐ 85ஆல் வகுத்தால் 17.6. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தானிய வியாபாரம், தீவன ஆலை, இந்தியத் தர நிறுவனத்தின் தீவனத் தரம் எல்லாம் முதல் முறையில்தான் பேசுகின்றன. கலப்புத் தீவனத்துக்கான ஐஎஸ் 2052 தரத்தில் ஈரம் 11 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதும் அந்தக் கணக்குத்தான்.

14 அக்டோபர் 2023

"அப்போ எதைத்தான் நம்புவது" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தராசை நம்புங்கள். எடை பார், காயவை, மறுபடி எடை பார். ஆய்வுக்கூடத்திலும் அடிப்படை இதுதான், அங்கே அடுப்பு கொஞ்சம் விலை கூடியது.

ஆனால் அதற்கு முன்னால் மாதிரி எடுப்பது. பெரும்பாலான சண்டை இங்கேதான் பிறக்கிறது. மூட்டையின் வாயைப் பிரித்து மேலாக ஒரு கை அள்ளினால், அது நேற்று இரவுக் காற்றின் ஈரத்தை அளப்பதாகும். குத்தூசி இருந்தால் மூட்டையின் நடுவயிற்றில் குத்தி எடுங்கள். சுவர் ஓரத்து மூட்டை, அடியில் கிடக்கும் மூட்டை, நடு அடுக்கில் உள்ளது என்று வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்து ஒரு வாளியில் கொட்டிக் கலக்கி, அதிலிருந்து கால் கிலோ. உடனே மூடி போட்ட டப்பாவில் அடையுங்கள். பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில் போட்டு, வழியில் டீ குடித்து, மத்தியானம் எடை பார்த்தால் அது உங்கள் சட்டைப் பையின் ஈரம்.

தராசு: சமையலறைத் தராசு ஒரு கிராம்தான் பிரித்துக் காட்டும். 100 கிராம் மாதிரியில் ஒரு கிராம் பிசகு என்றால் ஒரு சதவீதம் போச்சு. 13க்கும் 14க்கும் அடித்துக்கொள்கிறவர்களுக்கு இது உதவாது. நகை எடை போடும் சின்னப் பாக்கெட் தராசு 0.01 கிராம் வரை காட்டும், பாரிமுனையில் விலையும் குறைவுதான். அதில் 50 கிராம் போதும்.

காயவைப்பது: சோளத்தை முழுசாகப் போடாதீர்கள், நடுவில் இருக்கும் தண்ணீர் வெளியே வராது. ரவையாக உடையுங்கள். மிக்ஸியில் அதிகம் ஓட்டினால் சூட்டிலேயே ஈரம் போய்விடும், இரண்டு சுற்று போதும். ஓடிஜி அடுப்பில் தட்டில் மெல்லப் பரப்பி 105 டிகிரியில் வைத்தால் ஒரு இரவு முழுக்க ஆகும். கரண்ட் பில் யார் கட்டுவது? அரைத்த தீவனத்துக்கு 135 டிகிரியில் இரண்டு மணி நேரம் என்று ஒரு முறை உண்டு, நான் அதைத்தான் செய்கிறேன். வெளியே எடுத்ததும் மூடிய டப்பாவில் ஆறவிட்டு எடை பாருங்கள். திறந்து ஆறவிட்டால் சென்னைக் காற்று போன தண்ணீரைத் திரும்பக் கொடுத்துவிடும். வெல்லப்பாகு கலந்த தீவனத்துக்கு இந்தச் சூடு ஆகாது. சர்க்கரை கருகி, அந்த எடைக் குறைவும் ஈரக் கணக்கில் சேர்ந்துவிடும்.

15 அக்டோபர் 2023

பச்சைத் தீவனத்துக்கு மைக்ரோவேவ் போதும். ஆனால் வீட்டு மைக்ரோவேவ் வேண்டாம். ஊறுகாய்ப்புல்லை (குழியில் போட்டு மூடிப் புளிக்கவைத்த பச்சைத் தீவனம், சைலேஜ்) அதில் வைத்துச் சூடாக்கினால் வரும் வாசனையோடு அடுத்த வாரம் முழுக்கக் காபி குடிக்க வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் இது பேசி முடிந்த விஷயம். கொட்டகைக்கு என்று பழைய மைக்ரோவேவ் ஒன்றை வாங்கிப் போட்டாயிற்று.

19 அக்டோபர் 2023

மைக்ரோவேவ் முறையை விவரமாகக் கேட்டவருக்கு.

புல்லை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு நறுக்கி 100 கிராம். தட்டின் எடையைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் வையுங்கள். புல் காயக் காய, அலையை இழுக்க அதில் தண்ணீர் இருக்காது. வெறும் அடுப்பு ஓடுவது இயந்திரத்துக்கும் கெடுதல், புல்லும் பற்றிக்கொள்ளும். அந்த டம்ளர் மிச்ச அலையை வாங்கிக்கொள்ளும். கொதிக்க ஆரம்பித்தால் மாற்றிவிடுங்கள்.

முதலில் மூன்று நிமிடம். எடுத்துக் கிளறி எடை. மறுபடி ஒரு நிமிடம், எடை. பிறகு அரை அரை நிமிடமாக. அடுத்தடுத்த இரண்டு எடைக்கு நடுவே ஒரு கிராமுக்குள் வந்துவிட்டால் முடிந்தது. தட்டின் எடையைக் கழித்த கடைசி எடைதான் உலர்பொருள், அதாவது தண்ணீர் போக மிஞ்சியது. 100 கிராம் 22 ஆனால் ஈரம் 78. கருகிய வாசனை வந்தால் அந்த மாதிரியைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள், மனசுக்குள் கூட்டிக் கழித்து ஒப்பேற்றாதீர்கள்.

ஏர் ஃப்ரையரிலும் ஆகுமா என்று கேட்டிருந்தார் ஒருவர். ஆகும். 120 டிகிரியில் அரை மணி. பக்கத்தில் நின்று காவல் காக்க வேண்டாம் என்பது வசதி. காற்று வேகத்தில் இலைத்துணுக்கு பறந்து மேலே ஒட்டிக்கொள்ளும், அதனால் மேலே ஒரு கம்பிவலை.

21 அக்டோபர் 2023

செங்குன்றத்துக்காரர் அடுப்பில் வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். 100 கிராம் போட்டு 85.3 வந்ததாம். அதாவது ஈரம் 14.7. வியாபாரி 13 என்றார், ஊசி மீட்டர் 17 என்றது.

மரவாடிக் கணக்கில் போட்டால் 14.7ஐ 85.3ஆல் வகுக்க வேண்டும்: 17.2! உடனே அவர் "ஆகா, என் மீட்டர் சரி" என்று குதித்திருக்கிறார். அவசரப்படாதீர்கள். ஒருமுறை பொருந்தியது தற்செயலாகவும் இருக்கலாம். 11 சதவீதச் சோளத்திலும் 19 சதவீதச் சோளத்திலும் பார்த்து இரண்டிலும் இதே அளவு பொருந்தினால் சொல்லுங்கள்.

வியாபாரியின் மீட்டரைப் பற்றி: அவர்களிடம் இருப்பது கிண்ணத்தில் தானியம் கொட்டி அளக்கும் வகை. அதில் தானியத்தைத் தேர்வு செய்ய வேண்டும். நெல்லுக்கு வைத்துவிட்டுச் சோளத்தை அளந்தால் அளவு மாறும். வெயிலில் நின்ற லாரியிலிருந்து சுடச்சுட எடுத்து அளந்தாலும் மாறும். சூட்டுக்குத் திருத்தம் செய்வதாகச் சொல்லும் மீட்டருக்கும் தானியமும் தானும் ஒரே சூட்டுக்கு வர நேரம் வேண்டும். 1.7 வித்தியாசத்துக்குத் திருட்டுத்தனம் தேவையே இல்லை, சோம்பேறித்தனம் போதும். அடுத்த முறை உங்கள் அடுப்பில் அளந்து ஈரம் தெரிந்த சோளத்தை டப்பாவில் எடுத்துப் போய், "இதை ஒருமுறை அளந்து காட்டுங்கள் அண்ணே" என்று கேளுங்கள். சண்டை போடாமல் விஷயம் தெரிந்துவிடும்.

பணக் கணக்கும் பார்த்துவிடுவோம். 14க்கு மேலே ஒரு பாயிண்டுக்கு ஒரு சதவீதம் எடைக் கழிவு என்பது பல இடத்தில் வழக்கம். உண்மைக் கணக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். 18 சதவீத ஈரத்தில் ஒரு டன் வாங்கினால் உள்ளே உலர்பொருள் 820 கிலோ. அது 14க்குக் காய்ந்தால் 820ஐ 0.86ஆல் வகுக்க வேண்டும், 953 கிலோ சொச்சம். 40 கிலோ கழித்துக் கொடுத்தார், போனது 46 கிலோவுக்கு மேல். விற்கிறவருக்கு இது தெரியும்.

2 நவம்பர் 2023

மழை பிடித்துக்கொண்டது. "சோளத்தைக் கொட்டகையில் பரப்பி ஃபேன் போட்டிருக்கிறேன், ஒரு வாரமாகியும் மீட்டர் 15க்குக் கீழே இறங்கவில்லை" என்று பொன்னேரியிலிருந்து ஒரு தம்பி.

இறங்காது தம்பி. டப்பாவைத் திறந்து வைத்தால் பொரித்த அப்பளம் நமத்துப் போகிறதல்லவா, அதே கதை. ஒவ்வொரு தானியமும் சுற்றியுள்ள காற்றோடு ஒரு சமரசத்துக்கு வந்து நின்றுவிடும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் மக்காச்சோளம் 13, 13.5 பக்கம் நிற்கும். 80 என்றால் 15, 16. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இங்கே இரவும் காலையும் 80க்கு மேல்தான். ஃபேன் அந்த ஈரக் காற்றைத்தான் தள்ளித் தள்ளிச் சோளத்துக்குள் விடுகிறது. ஃபேன் ஓட்டினால் மத்தியானம் வெயில் அடிக்கும் நேரத்தில் மட்டும் ஓட்டுங்கள். இரவில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். நாள் முழுக்க ஓடுகிற ஃபேனைவிட அது மேல்.

கடலைப் புண்ணாக்குக்கு இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். எண்ணெய்க்குள் தண்ணீர் நிற்காது. மீதிப் பாகத்தில்தான் எல்லாத் தண்ணீரும் தங்கும். அதனால் எண்ணெய் அதிகமுள்ள பொருளில் குறைந்த சதவீதமே ஆபத்து. நிலக்கடலைப் பருப்பை 7, 8 சதவீதத்துக்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். சோளத்தில் அந்த எண் வந்தால் கொண்டாட்டம்தான். செக்குப் புண்ணாக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். 12 சதவீதம் என்றால் சோளத்துக்கு நிம்மதி, செக்கில் ஆட்டிய கடலைப் புண்ணாக்குக்கு நிம்மதி இல்லை.

3 நவம்பர் 2023

நேற்று எழுதியதை யோசித்துக்கொண்டே படுத்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு சதவீதம் என்றால், உளுந்தம் பொட்டுக்கு எவ்வளவு, கோதுமைத் தவிட்டுக்கு எவ்வளவு, பருத்திக்கொட்டைக்கு எவ்வளவு என்று பட்டியல் வைத்துக்கொண்டு அலைய வேண்டும். பூஞ்சணத்துக்கு அந்தப் பட்டியல் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: தானியத்தைச் சுற்றி மூட்டைக்குள் இருக்கும் காற்று எவ்வளவு ஈரம். அது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான பூஞ்சணம் தலையெடுக்காது. சோளமானாலும் தவிடானாலும் புண்ணாக்கானாலும் அந்த எல்லை ஏறக்குறைய அதேதான்.

அப்போது அதையே நேரடியாக அளந்துவிட்டால் என்ன?

ரிச்சி தெருவில் சின்னதாக டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கிறது, பட்டன் செல் போட்டது. ஊறுகாய் பாட்டிலில் முக்கால் பாகம் தீவனத்தை நிரப்பி, மானியை மேலே வைத்து, இறுக மூடி, நிழலில் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எண் நகராமல் நின்றதும் படியுங்கள். 65க்குக் கீழே என்றால் அடுக்கி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். 65 முதல் 70 வரை என்றால் வாராவாரம் பார்க்க வேண்டும். 70ஐத் தாண்டினால் அந்த மூட்டையை முதலில் காலி செய்யுங்கள் அல்லது காயவையுங்கள். சேமித்து வைக்கிற உலர்ந்த தீவனத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. சதவீதம் வியாபாரிக்கு, பாட்டில் எனக்கு.

மலிவான மானி ஐந்து பாயிண்ட் வரை பிசகும். அதைச் சரிபார்க்கக் கையில் உப்பு இருந்தால் போதும். மூடியில் தூள் உப்பு, சில சொட்டுத் தண்ணீர், சேறு பதத்தில். கரைந்து தண்ணீராகக் கூடாது. அதையும் மானியையும் ஒரே டப்பாவில் மூடி ஒரு இரவு விட்டால் உள்ளே காற்று 75 சதவீதத்தில் நிற்கும். மானி 79 காட்டினால் இனி எப்போதும் நாலைக் கழித்துக்கொள்ளுங்கள்.

4 நவம்பர் 2023

"இதெல்லாம் எதற்கு, காய்ந்த பாட்டிலில் கொஞ்சம் உப்பும் தானியமும் போட்டுக் குலுக்கு, உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம், ஒட்டாவிட்டால் காய்ந்தது" என்று ஒரு பெரியவர். நக்கலாகத்தான் சொன்னார். ஆனால் அது அருமையான சோதனை. 75 சதவீதத்துக்கு மேல் போனால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். மக்காச்சோளத்தில் 75 என்பது 14, 15 சதவீத ஈரத்துக்குச் சமம். பாட்டிலுக்குள் ஈரப்பதமானி செய்யும் வேலையைத்தான் உப்பு செய்கிறது. ஆமாம், இல்லை என்று மட்டும்தான் பதில் வரும், அவ்வளவுதான் குறை. 70க்கும் 75க்கும் நடுவே இருப்பதை அது காட்டிக்கொடுக்காது.

உப்பை முதலில் வெயிலிலோ வாணலியிலோ காயவைத்துக்கொள்ள வேண்டும். கல் உப்பு வேண்டாம். அதில் இருக்கும் மக்னீசியம் உப்புகள் 75க்கு முன்பே கசிய ஆரம்பித்துவிடும்.

5 நவம்பர் 2023

பல்லால் கடித்துப் பார்ப்பதை யாரும் சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறார் அதே பெரியவர். "டக்" என்று உடைந்தால் சரி, நசுங்கினால் ஈரம். ஒப்புக்கொள்கிறேன் ஐயா. 20 சதவீதச் சோளத்தையும் 12 சதவீதச் சோளத்தையும் பல் பிரித்துவிடும். 13ஐயும் 15ஐயும் பிரிக்கும் பல் என்னிடம் இல்லை, எனக்கு இருப்பதே பாதி.

20 நவம்பர் 2023

பேச்சு பீர் ஆலைச் சக்கைக்குப் போய்விட்டது. சென்னையைச் சுற்றி நிறைய பேர் வாங்குகிறோம், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன்.

இங்கே பூஞ்சணக் கேள்வி இரண்டாம் பட்சம். ஈரச் சக்கை வெயிலில் இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். பாட்டிலும் ஈரப்பதமானியும் இங்கே வீண், எப்போது வைத்தாலும் நூறுதான் காட்டும். இங்கே கேள்வி பணம். தராசும் மைக்ரோவேவும் எடுங்கள்.

கிலோ 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஈரம் 78 என்றால் ஒரு கிலோவில் உலர்பொருள் 220 கிராம். அதாவது ஒரு கிலோ உலர்பொருள் 22 ரூபாய் 70 காசு. அடுத்த லோடு கொஞ்சம் தண்ணியாக வந்தது, ஈரம் 82. நாலு பாயிண்ட்தானே என்று விட்டுவிடுவோம். கணக்கு போட்டால் ஒரு கிலோ உலர்பொருள் 27 ரூபாய் 80 காசு. விலை ஏறவே இல்லை, ஆனால் ஐந்து ரூபாய் ஏறிவிட்டது. காய்ந்த தீவனத்தில் நாலு பாயிண்ட் என்றால் உலர்பொருளில் இருபதில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். ஈரத் தீவனத்தில் அதே நாலு பாயிண்ட் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கைக் கொண்டுபோகும். 13ஆ 14ஆ என்று சோளத்துக்கு மல்லுக்கட்டும் நம் ஆட்கள் ஈரச் சக்கையை ஒருமுறைகூட அளப்பதில்லை.

பால் குறைவதும் இதில்தான். 400 கிலோ கறவை மாட்டுக்கு உடல் எடையில் மூன்று சதவீதம் என்று வைத்தால் நாளுக்கு 12 கிலோ உலர்பொருள் போக வேண்டும். சக்கையில் தண்ணீர் கூடிய நாளிலும் அதே கூடைதான் போடுகிறோம். மாடு குறைவாகத் தின்றது நமக்குத் தெரியாது, கூடை காலியாகத்தான் இருக்கும்.

கோயம்பேட்டு முட்டைக்கோஸ் இலையைப் பற்றிக் கேட்டவருக்கு: நூற்றில் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். சும்மா கிடைக்கிறது என்கிறீர்கள், வண்டி வாடகையை உலர்பொருளுக்குப் போட்டுப் பாருங்கள். திருவல்லிக்கேணியில் சுவரொட்டி தின்னும் மாட்டுக்கு அந்தக் கவலை இல்லை, நல்ல உலர்பொருள். (விளையாட்டுக்குச் சொன்னேன், யாரும் சுவரொட்டி போடாதீர்கள்.)

21 நவம்பர் 2023

அரிசித் தவிடு பற்றி ஒரு வரி. செங்குன்றம் ஆலைகளிலிருந்து எண்ணெய் எடுக்காத தவிடு வாங்குகிறவர்கள் ஈரத்தை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது. அரைத்தவுடனே உள்ளே இருக்கும் நொதி எண்ணெயைச் சிதைக்க ஆரம்பித்துவிடும், காரல் அடிக்கும். ஈரம் குறைவாக இருந்தால் அது மெதுவாகும், நிற்காது. எண்ணெய் எடுத்த தவிட்டில் இந்தத் தொல்லை கிடையாது.

9 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயல் முடிந்து இப்போதுதான் கரண்ட் வந்தது. படப்பை ஊரில் இருக்கும் எங்கள் கொட்டகை மேட்டில் இருப்பதால் தப்பித்தது. கீழ் அடுக்கு நனைந்த பலர் எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலும் ஒரே கேள்வி: காயவைத்துப் போடலாமா?

வெள்ளம் தொட்ட மூட்டையைப் போடாதீர்கள். அது மழைத் தண்ணீர் மட்டுமல்ல, சாக்கடையும் கலந்தது. வயிறு எரியும், தெரிகிறது.

நனையாமல், ஆனால் இத்தனை நாள் ஈரக் காற்றில் கிடந்த மேல் அடுக்கைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். கரண்ட் இல்லாவிட்டாலும் பாட்டில் சோதனை ஓடும். 75க்கு மேல் காட்டி, கை விட்டால் உள்ளே சூடாகவும் இருந்தால் பூஞ்சணம் ஏற்கனவே வேலையைத் தொடங்கிவிட்டது, அளக்க ஒன்றும் மிச்சமில்லை. சூடு இல்லை, வாசனை இல்லை, 72, 73 என்றால் வெயில் வந்ததும் மெல்லப் பரப்பிக் காயவையுங்கள், முதலில் அதையே தீர்த்துவிடுங்கள்.

"பூஞ்சணத்தைத் தட்டி உதறிக் காயவைத்தால் சரியாகிவிடும்" என்பவர்களுக்கு. பச்சையாகத் தெரியும் பூஞ்சணத்தைத் தட்டிவிடலாம். அது விட்டுப்போன அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு தீவனத்திலேயே இருக்கும். காயவைத்தாலும் போகாது, வேகவைத்தாலும் லேசில் போகாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்து, காரணம் தேடிப் போனபோது அகப்பட்டது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. நம் நாட்டிலேயே 1974இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

தீவனத்தில் இருக்கும் அஃப்லாடாக்சின் பி1 வகையை மாடு தின்றால் அடுத்த நாளே பாலில் வந்துவிடும், எம்1 என்ற உருவத்தில். தின்றதில் சில சதவீதம்தான் பாலுக்குப் போகிறது, ஆனால் பாலுக்கு அனுமதி ஒரு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். ஐஎஸ் 2052 தீவனத்துக்கு வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் பி1. அந்தத் தீவனத்தை நிறுத்தினால் சில நாளில் பாலில் நஞ்சின் அளவு இறங்கிவிடும் என்பது ஒன்றுதான் ஆறுதல். சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கும் தீவனப் பரிசோதனைக்கூடத்துக்கு மாதிரி அனுப்புங்கள். அதுவரை அந்த மூட்டை தனியாகக் கிடக்கட்டும்.

12 டிசம்பர் 2023

தகரக் கொட்டகைக்காரர்களுக்கு: பகலில் தகரம் கொதிக்கிறது, இரவில் குளிர்கிறது. மூட்டைக்குள் சூடான ஈரக் காற்று மேலே வந்து, குளிர்ந்த மேல்பக்கத்தில் நிற்கிறது. அடுக்கின் நடுவே 13 இருக்கும், மேல் வரிசையில் 16. மழையே உள்ளே வரவில்லை, எப்படி நனைந்தது என்று கேட்டால் அதுதான் பதில். கூரைக்கும் மூட்டைக்கும் இடைவெளி, சுவருக்கும் மூட்டைக்கும் ஒரு முழம், தரையில் மரச்சட்டம். மாதிரி எடுக்கும்போது மேல் வரிசையைத் தனியாக எடுங்கள், நடுவோடு கலக்காதீர்கள். சராசரி 14 என்று வரும், பூஞ்சணம் சராசரியில் பிடிப்பதில்லை. அக்டோபரில் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலக்கச் சொல்லியிருந்தேன். வாங்கும்போது அப்படி, வைத்திருக்கும்போது இப்படி.

28 ஜனவரி 2024

பெரம்பலூர்ப் பக்கம் புதுச் சோளம் வர ஆரம்பித்துவிட்டது. கிண்ண மீட்டர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு லோடு எடுப்பவருக்கு வேண்டாம், அடுப்பும் தராசும் போதும். அடிக்கடி வாங்குகிறவர், நாலைந்து பேர் சேர்ந்து எடுப்பவர்கள் வாங்கலாம். வாங்கினால் மூன்று டப்பாவில் மூன்று ஈரத்தில் சோளம் வைத்து அடுப்பில் அளந்து, மீட்டர் ஒவ்வொன்றிலும் எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். எங்களுடையது ஈரமான சோளத்தில் ஒரு பாயிண்ட் குறைத்துச் சொல்லும், காய்ந்ததில் சரியாகச் சொல்லும். தெரிந்துவிட்டால் தொல்லை இல்லை.

செங்குன்றத்துக்காரரின் வியாபாரி மீட்டரைத் திருகவில்லையாம். நெல்லில் வைத்திருந்தாராம். இப்போது அவரே டப்பா கேட்கிறாராம்.

18 பிப்ரவரி 2024

ஊறுகாய்ப்புல் போடப்போகிறவர் கேட்டது: மக்காச்சோளத் தட்டை எந்த ஈரத்தில் வெட்டுவது?

65 முதல் 70க்குள். 75ஐத் தாண்டினால் சாறு வடியும், சத்து அதோடு போகும், புளிப்பும் சரியாக வராது. 60க்குக் கீழே என்றால் எவ்வளவு மிதித்தாலும் காற்று உள்ளே தங்கும், பூஞ்சணம்தான். நறுக்கியதைக் கையில் அழுத்திப் பிடித்துத் திறந்து பாருங்கள். சாறு சொட்டினால் பொறுங்கள். உருண்டை அப்படியே நின்று கை நனைந்திருந்தால் இன்னும் சில நாள். உருண்டை மெதுவாகப் பிரிந்தால் வெட்டுங்கள். சட்டென்று உதிர்ந்தால் தாமதமாகிவிட்டது, கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பொடியாக நறுக்கி நன்றாக மிதியுங்கள். கோ-4 என்ற தீவனப் புல் வெட்டும்போதே 80 பக்கம் இருக்கும், அதை ஒரு பகல் வாடவிடாமல் போடக் கூடாது.

குழி திறந்த பிறகு மைக்ரோவேவில் அளக்கும்போது ஒன்று கவனியுங்கள். ஊறுகாய்ப்புல்லில் இருக்கும் அமிலமும் சாராய வகைகளும் தண்ணீரோடு சேர்ந்து ஆவியாகிவிடும். அதனால் உலர்பொருள் உண்மையைவிட லேசாகக் குறைவாகத் தெரியும். 30 வந்தால் 31 என்று வைத்துக்கொண்டு தீவனத்தைப் பிரியுங்கள். அடுத்த மழைக்கு முன் குழியை மூடும் பாலித்தீனுக்கு எத்தனை மைக்ரான் வேண்டும் என்று கேட்டவர் அதைத் தனியாகக் கேளுங்கள், இங்கே ஏற்கனவே நீண்டுவிட்டது.